திறப்பு எண்

ஞானஜோதியின் வேலைநாள் காலை ஆறரை மணிக்கே தொடங்கிவிடும். கஞ்சிக்கோட்டில் கம்பெனி திறக்க ஒன்பதாகும் என்றாலும், சீனாவில் அப்போதே மணி ஒன்பது. வேலந்தாவளத்தில் மாடியில் ஒற்றை அறை அவளுடையது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, முந்தின நாள் வழியில் நின்றுபோன ஆட்டோக்களின் பேட்டரி எண்களை ஒவ்வொன்றாகப் போனில் தட்டி அனுப்புவாள். தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

மின்சார ஆட்டோ செய்கிற கம்பெனி அது. சட்டமும் கூரையும் இங்கேயே வெல்டிங் ஆகும். பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் அட்டைப்பெட்டியில் கப்பலேறி வரும். அவற்றைக் காவல் காக்கும் மின்னணு போர்டும் அங்கிருந்துதான். எந்தச் செல்லிலாவது கோளாறு இருப்பதாக அந்த போர்டுக்குத் தோன்றினால், பேட்டரியையே பூட்டிவிடும். பிறகு வண்டி அசையாது. திறப்பதற்கு ஓர் எண் வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது எண். அதை உண்டாக்கும் மென்பொருள் சீனக் கம்பெனியின் கையில் இருந்தது.

எண்ணை அனுப்புகிற பெண்ணின் பெயர் லின். மூன்று வருடமாக இருவரும் போனில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி தமிழில் எழுதுவாள், மற்றவள் சீனத்தில். மொழிமாற்றும் ஆப் ஏதோ ஒருவிதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒருநாள் எண்ணோடு சேர்ந்து, "உங்கள் சோறு முடிந்ததா?" என்று வந்தது. ஞானஜோதிக்குப் புரியச் சற்று நேரமானது. சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் எனப் புரிந்ததும் அறையில் தனியாக நின்று சிரித்தாள். அதற்குப் பிறகு லின் தினமும் அதைக் கேட்டாள்.

அப்படிக் கேட்க ஞானஜோதிக்கு வேறு ஆள் இல்லை. மலையில் பள்ளிவாசல் என்ற எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா தேயிலை ஃபாக்டரியில் இருந்தார், அவள் பாலிடெக்னிக் முடித்த வருடம் இறந்துபோனார். அம்மா பக்கவாதத்தில் ஒன்பது வருடம் படுத்திருந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் அம்மாவின் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அம்மாவை அடக்கம் செய்தபோது ஞானஜோதிக்கு முப்பத்து நான்கு வயது. அண்ணன் ஏசுதாஸ் மஸ்கட்டிலிருந்து வந்து, நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். அவர்கள் குடியிருந்த லயன் வீட்டை எஸ்டேட் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தது. அவள் மலையிறங்கி பாலக்காட்டுப் பக்கம் வேலைக்கு வந்தாள்.

சென்ற வருடம் ஜூனில் ஒரு திங்கட்கிழமை, ஆறு பேட்டரி எண்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். தண்ணீர் கொதித்துப் பாதியாக வற்றியது. பதில் வரவில்லை. கம்பெனிக்குப் போனதும் மேனேஜர் லோகேஷ் கூப்பிட்டார்.

"சீனாக்காரங்க ஒப்பந்தத்த நிறுத்திட்டாங்க. தொழில்நுட்பத்த வெளிய குடுக்கறதுக்கு அவங்க அரசாங்கத்துல என்னமோ அனுமதி வேணுமாமா. நம்மளோட பேச்சு முடிஞ்சுதுங்க."

"அப்ப பூட்டிக்கிட்ட வண்டியெல்லாம், சார்?"

"வேற சப்ளையர் பாத்துட்டிருக்கறமுங்க. யாரு கேட்டாலும் ரெண்டு வாரமுன்னு சொல்லுங்க."

அன்று மாலை லின்னுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். திறப்பு எண் எதுவும் கேட்கவில்லை, நலமா என்று மட்டும் கேட்டாள். அது போய்ச் சேர்ந்ததாகக்கூடப் போன் காட்டவில்லை. வேலையை விட்டுப் போனாளா, விலக்கினார்களா, போன் எண்ணை மாற்றிவிட்டாளா? தெரிந்துகொள்ள வழியில்லை. லின்னின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் என்று பதினோரு வாரம் சொன்னாள். நின்ற வண்டிகள் நாற்பத்தொன்று ஆயின. போனில் பலர் திட்டினார்கள். மலையில் உள்ள ஆனைக்கரையிலிருந்து பேசிய குருவம்மாள் மட்டும் திட்டவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களையும் குமுளி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் தன் ஆட்டோவில் ஏற்றிச் செல்வாள். வண்டி நின்றதால் திரும்பவும் அவளே ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இன்னைக்காச்சும் தொறந்திருமா?"

"இல்லக்கா. இன்னும் ரெண்டு வாரம்."

"போன தடவையும் அதத்தான் சொன்ன. சரி, நீ என்ன பண்ணுவ. மேட்டுல ஏறி எறங்க முட்டி கேக்க மாட்டேங்குது, அதான் கேட்டேன்."

போனை வைத்ததும் ஞானஜோதி மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் கோயம்புத்தூர் போய், பூட்டில்லாத போர்டு ஒன்று வாங்கினாள். அதன் அடுத்த நாள் விடியலில் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் பஸ் மாறி மாறி, சாயங்காலம் ஆனைக்கரை போய்ச் சேர்ந்தாள்.

குருவம்மாள் அவளை எதிர்பார்க்கவில்லை. வாசலில் தார்ப்பாய் மூடிய ஆட்டோ நின்றிருந்தது.

"கம்பெனில அனுப்பிச்சாகளா?"

"இல்லக்கா, நானாத்தான் வந்தேன். இதத் தொறந்தா கம்பெனி வாரண்டி போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"நிக்கிற வண்டிக்கு வாரண்டி என்னத்துக்குத்தா? தொற."

காலையில் வெளிச்சம் வந்ததும் வேலையைத் தொடங்கினாள். மோதிரத்தைக் கழற்றி வைத்து, ரப்பர் கையுறை மாட்டி, மூடியைச் சுற்றியிருந்த பசையைக் கத்தியால் அறுத்தாள். உள்ளே பதினாறு செல்கள். ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தாள். பதினாறும் நன்றாக இருந்தன. ஒரு செல்லிலிருந்து போர்டுக்குப் போகும் ஒல்லியான ஒயர் மட்டும் மேட்டுப் பாதைக் குலுக்கலில் கழன்று கிடந்தது. அந்தச் செல் செத்துவிட்டதாக நினைத்துத்தான் போர்டு எல்லாவற்றையும் பூட்டியிருந்தது.

ஒயரை மறுபடி பற்றவைத்தாள். ஆனாலும் பழைய போர்டு எண்ணைக் கேட்டது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள்.

"இது நம்மூருல செஞ்சதா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா. இதுவும் சீனாவுலருந்து வந்ததுதான். நம்மூருல செஞ்சதத் தேடிப் பாத்தேன், இந்த பேட்டரிக்குக் கெடைக்கல. ஆனா இதுக்கு யாரையும் கேக்க வேண்டாம். நாம சொல்றதக் கேக்கும்."

மதியம் வண்டி நகர்ந்தது. குருவம்மாள் சர்ச் மேடுவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து இறங்கி, உள்ளே போய்ச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. சாப்பிடும்போது, "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லக்கா."

குருவம்மாள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "இன்னைக்கு இருந்துட்டுப் போயேன்" என்றாள். ஞானஜோதிக்கு இருக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டில் எப்படி இருப்பது என்பது மறந்துபோயிருந்தது. மறுநாள் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முந்தின ராத்திரியும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில்தான் தங்கியிருந்தாள்.

ஆனைக்கரை வண்டி ஓடும் செய்தி ஒரே வாரத்தில் மற்ற ஓட்டுநர்களுக்கும் தெரிந்துவிட்டது. தங்கள் வண்டியை மட்டும் ஏன் திறக்கவில்லை என்று கம்பெனிக்குப் போன் வந்தபடி இருந்தது. லோகேஷ் அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலீங்க. ஆனா நாளைக்கு அது தீப்பிடிச்சா பதில் யாருங்க சொல்றது? மேல கேக்கறாங்க."

"நாந்தான் சொல்லணும், சார். அது தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அன்று புதன்கிழமை. அந்த நேரத்தில் தன் தெரு எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

முதல் பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. பதினோராம் நாள் பூப்பாறையிலிருந்து ஒரு ஓட்டுநர் கூப்பிட்டார். குருவம்மாள் நம்பர் கொடுத்தாளாம். பிறகு ராஜகுமாரி, நெடுங்கண்டம், கொழிஞ்சாம்பாறை என்று ஒவ்வொன்றாக வந்தன. டிசம்பருக்குள் இருபத்தாறு வண்டிகளைத் திறந்திருந்தாள். வேறு நான்கு பேட்டரிகளில் செல்களே கெட்டிருந்தன. அவற்றுக்குத் தன்னால் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜனவரியில் லோகேஷ் மறுபடி கூப்பிட்டார். புது சப்ளையர் கிடைத்துவிட்டார்கள், இந்தத் தடவை கொரியாக்காரர்கள். அவர்களோடு பேச அனுபவமுள்ள ஆள் வேண்டும். சம்பளமும் கூடுதல். அவள் போனாள். மேசைமேல் புது போர்டு இருந்தது, பழையதைவிடச் சிறியது, அழகானது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பூட்டிக்கிட்டா எப்படித் தொறக்கிறது, சார்?"

"அவங்களுக்கு மெயில் போடோணுமுங்க. உடனே எண் அனுப்பிருவாங்க."

"நமக்குக் கத்துக் குடுக்க மாட்டாங்களா?"

லோகேஷ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டமுங்க. குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களும் இல்லீன்னா நாம வண்டியே செய்ய முடியாதுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். போர்டை மேசையில் வைத்துவிட்டு, வரவில்லை என்று சொல்லி எழுந்தாள். லோகேஷ் கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் வரும்வரை அவளோடு நின்றார்.

இப்போதும் மாதத்தில் பாதி நாள் ஞானஜோதி மலையில்தான் இருக்கிறாள். வண்டி நன்றாக ஓடும்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வேலை முடிந்ததும் மூடியின் உட்புறத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது, போர்டில் என்னென்ன அளவு வைத்திருக்கிறாள் என்பதையெல்லாம் அடுத்துத் திறக்கிறவருக்குப் புரியும்படி மார்க்கரால் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுவாள். தன் பெயரை எழுத மாட்டாள். மை காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூடியைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்குவாள்.