இடது தாடைக்குக் கீழே ஒரு குறை

என் அப்பாவின் கழுத்தில் ஏதோ இருக்கிறது என்று முதன்முதலில் எழுதியவர் அவரை ஒருநாளும் கண்டதில்லை. ஜேர்மனியில் இருக்கும் அந்த மனிதர் கண்டது நாங்கள் செய்து அனுப்பிய பொம்மையை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். "இடது தாடைக்குக் கீழே ஒரு புடைப்பு தெரிகிறது. வார்ப்பில் குறையா?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களிடம் போய்க் குறை கண்டுபிடிக்கிறாராம்!

தொண்டைமானாறு என்ற ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில், அண்ணையும் நானும் செய்யும் தொழில் இது. பூதம், நீர்ப்பேய், எலும்புப் படைவீரன், இறக்கை முளைத்த சூனியக்காரி என்று அண்ணை கணினியில் செதுக்குவார். மூலையில் இருக்கும் இயந்திரம் அவற்றை ரெசின் என்ற பிசினில் அச்சிட்டுத் தரும். கழுவி, வெயிலில் காயவைத்து, உரசி, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைப்போம். வாங்குபவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கும் சேகரிப்பாளர்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். மயிரிழைத் தூரிகையால் வர்ணம் பூசிக் கண்ணாடி அலுமாரியில் வைப்பார்கள்.

விளம்பரம், படம், வாங்கியவர்களுக்குப் பதில் எல்லாம் என் பொறுப்பு. அண்ணைக்கு ஆங்கிலம் வரும், பொறுமை வராது. எனக்கும் வராதுதான், ஆனால் எழுத்தில் அது தெரியாது. சேகரிப்பாளர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பார்கள். வாள் நுனி வளைந்திருக்கிறது, முதுகில் கோடு விழுந்திருக்கிறது, விளம்பரத்தில் ஆளை விழுங்குவதுபோல நின்ற பூதம் கையில் எடுத்தால் தூங்குமூஞ்சியாக இருக்கிறது. இப்படி நாளுக்கு நாலைந்து வரும். அதனால் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தேன். 'உங்கள் பெறுமதியான கருத்துக்கு நன்றி. அடுத்த பதிப்பில் இந்தக் குறை திருத்தப்படும்.' ஒரு விசையை அழுத்தினால் போய்விடும்.

புடைப்பு இருந்த பொம்மை தோணிக்காரன். இறந்தவர்களை ஆற்றைக் கடத்தி அக்கரையில் விடுபவன். அவனுக்கு அண்ணை மூன்று முகம் செதுக்கிப் பார்த்தார். மூன்றும் சப்பென்று இருந்தன.

"அப்பான்ரை முகத்தைப் படம் எடுத்துச் செய்வமே?" என்று கேட்டது நான்தான்.

அப்பா ஆற்றிலும் கடலிலும் வலை போடுபவர். வெயிலும் உப்பும் தின்ற முகம். அந்த முகத்தின் இடது கன்னத்தில் எப்போதும் வெற்றிலை அதக்கியிருப்பார். அம்மா போனபிறகு அது இன்னும் கூடிவிட்டது. அவரைக் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தினேன்.

"அப்பா, வெத்திலையைத் துப்பிப்போட்டு வாங்கோ. கன்னம் வீங்கினமாதிரி விழும்."

"என்னடி கோதாரி இது? என்ரை கலியாணத்துக்கே நான் துப்பேல்லை!"

முணுமுணுத்துக்கொண்டே துப்பினார். வாய் கொப்பளித்தார். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச்சுற்றி நடந்தேன். நூறு படமாவது எடுத்திருப்பேன். அவற்றைச் சேர்த்துத்தான் கணினி முகத்தை உருவாக்கும்.

"எல்லாப் பக்கமும் வடிவா எடு பிள்ளை," என்றார் அப்பா. "பிறகு கழுத்தைக் காணேல்லை எண்டு சொல்லப்போறாங்கள்."

ஜேர்மனிக்காரரின் கேள்வியை அண்ணையிடம் காட்டினேன். திரையில் தோணிக்காரனின் முகத்தைப் பெரிதாக்கினார். இருந்ததுதான். ஒரு கச்சான் பருப்பளவு, நிலக்கடலை அளவு.

"உது வெத்திலை," என்றார் அண்ணை. "அப்பான்ரை வாயிலை எப்பவும் கிடக்கிறதுதானே."

"ஓமோம்," என்றேன் நான்.

அதோடு விட்டேனா? இல்லை. கெட்டிக்காரத்தனம் காட்டினேன். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு விளம்பரம் எழுதினேன். 'எங்கள் தோணிக்காரன் வெற்றிலை மெல்லுகிறான். ஏறிய உயிரை அக்கரையில் இறக்கும்வரை அவன் துப்புவதில்லை.' பொம்மை பிய்த்துக்கொண்டு போனது. வாங்கியவர்கள் அவனுடைய உதட்டில் சிவப்புப் பூசிப் படம் போட்டார்கள். உயிருள்ள முகம், எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். நான் குளிர்ந்துபோய் இருந்தேன்.

அந்த நாட்களில்தான் அப்பா குழம்பில் உறைப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு சோற்றைக் குழைத்துத் தரச் சொன்னார். பிறகு கஞ்சி போதும் என்றார். சமைப்பவள் நான். எல்லாவற்றையும் என் கையால்தான் போட்டுக் கொடுத்தேன்.

"பல்லுக்குத்து," என்றார்.

"கராம்பு வாங்கித் தாறன், கடிச்சுக்கொண்டு இருங்கோ," என்றேன். வாங்கியும் கொடுத்தேன்.

புடைப்பைப் பற்றி எழுதிய இரண்டாவது ஆள் பொல்லாதவர். எங்களிடம் வழமையாக வாங்குபவர்தான். பொம்மையைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்து, புடைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார். 'வெற்றிலை கன்னத்தில் இருக்கும். இது தாடைக்குக் கீழே, கழுத்தில் இருக்கிறது. கழுத்தால் மெல்லுபவரை நான் கண்டதில்லை. பழுதான அச்சை ஒரு கதை சொல்லி விற்கிறார்கள்.' அதன் கீழே இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தரம் போய்விட்டதாம், விளம்பரம்தான் மிச்சமாம். அவர் சொன்னது சரி என்பது அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கும். நானும் பார்த்தேன். எனக்கு விளங்கியதெல்லாம் மானம் போகிறது என்பது மட்டும்தான்.

அண்ணை கொதித்தார். "விசர்க்கூட்டம்! இப்ப என்ன, கழுத்து மட்டமா இருக்கவேணும், அவ்வளவுதானே?" என்று கணினிக்கு முன்னால் இருந்தார். இரண்டு இழுப்பு. புடைப்பு இருந்த இடம் தெரியாமல் வழுவழுப்பாகிவிட்டது. 'இரண்டாம் பதிப்பு. கழுத்து திருத்தப்பட்டது' என்று நான் அறிவித்தேன்.

அன்று மத்தியானம் அப்பா ஆற்றால் வந்து, வலையை முற்றத்தில் போட்டுவிட்டு, திரையை எட்டிப் பார்த்தார்.

"உவன் என்னைவிட வடிவா எல்லோ இருக்கிறான்!" என்று சிரித்தார். சிரிப்பு அரைவாசியில் நின்றது. கை தன்பாட்டில் கழுத்துக்குப் போய்த் தடவிக்கொண்டு இருந்தது. அதைக் கண்டேன். கண்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மூன்றாவது கடிதம் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. வெகுகாலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவராம். முதல் பதிப்புப் பொம்மை அவரிடம் இருந்தது. 'இது தரம் பற்றிய முறைப்பாடு அல்ல,' என்று தொடங்கியிருந்தார். 'இந்த முகம் உயிரோடிருக்கும் ஒருவருடையது என்றால், தயவுசெய்து அந்தக் கழுத்தை ஒரு வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். வெற்றிலை போடுபவர் என்றால் நாட்களைக் கடத்த வேண்டாம்.'

வாசிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம். வாசித்தேன். முழுவதும் வாசித்தேன். "அண்ணை, இஞ்சை ஒரு கண்டறியாத மனுசி பொம்மைக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுறா!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். இரண்டாம் பதிப்புக்கு வந்த கடிதங்கள் அன்று குவிந்து கிடந்தன. கழுத்துப் பற்றிய எல்லாவற்றுக்கும் போட்டதுபோல அவருக்கும் விசையை அழுத்தினேன்.

அதற்குப்பின் ஒரு மாதம் போயிருக்கும். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தள்ளி வைத்தார். அப்பா வெற்றிலையைத் தள்ளி வைத்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"வேண்டாம் பிள்ளை. வாய் திறக்க ஏலாமக் கிடக்கு. ரெண்டு நாளாப் போடேல்லை."

குசினி வாசலால் வெயில் அவருடைய முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கன்னம் வெறுமையாக, ஒட்டிப்போய் இருந்தது. ஆனால் தாடைக்குக் கீழே அது இருந்தது. கச்சான் பருப்பளவு இல்லை, இப்போது ஒரு பாக்களவு. திரையில் அண்ணை பெரிதாக்கிக் காட்டிய அதே இடம்.

அப்போதுதான் எனக்குக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. துப்பிப்போட்டு வாங்கோ என்று சொன்னது நான். அவர் துப்பியதை, கொப்பளித்ததை, கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். படம் எடுத்தபோது அவருடைய வாயில் வெற்றிலையே இல்லை. ஐயோ, கடவுளே! அண்ணையைக் கூப்பிட முன்னறைக்கு ஓடினேன்.

ஆசுபத்திரியில் வைத்தியர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். அப்பாவால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

"எவ்வளவு காலமா உது இருக்கு ஐயா?"

"இப்பத்தான் டொக்டர். ஒரு மாசம் வரும்," என்றார் அப்பா.

நான் கைபேசியை நீட்டினேன். கிணற்றடிப் படங்களை வைத்தியர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நின்று திகதியைப் பார்த்தார். "இது எட்டு மாசத்துக்கு முந்தி," என்றார். "அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கியவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். சதை வெட்டிச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். கழுத்துவரைக்கும் வந்துவிட்டது. தாடையில் ஒரு பகுதியை எடுக்கவேண்டும், எடுத்தாலும் பிறகுதான் சொல்லலாம் என்றார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் போவதற்கு முதல்நாள் காலையில் அப்பா முன்னறைக்கு வந்தார். பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த முதல் பதிப்புத் தோணிக்காரனை எடுத்துக் கட்டைவிரலால் அவனுடைய கழுத்தைத் தடவினார்.

"உதை முதல் ஆர் கண்டது?"

சொன்னேன். ஜேர்மனிக்காரரை, சிவப்பு வட்டம் போட்டவரை, தாதியை, எல்லாரையும் சொன்னேன். அண்ணை கணினியை விட்டுத் திரும்பவேயில்லை.

"அந்த நேர்ஸ் மனுசிக்கு நீ என்ன எழுதினனி?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன பொய்யும் சொல்லியிருக்கலாம். கடிதத்தைத் திறந்து, நான் அனுப்பியதைத் தமிழில் வாசித்தேன். "உங்கள் பெறுமதியான கருத்துக்கு நன்றி. அடுத்த பதிப்பில் இந்தக் குறை திருத்தப்படும்."

அப்பா சிரிக்கப் பார்த்தார். வாய் விடவில்லை. மேசையில் இருந்த இரண்டாம் பதிப்புக்காரனை எடுத்து, பழையவனுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். இரண்டு கழுத்தையும் கொஞ்ச நேரம் மாறிமாறிப் பார்த்தார்.

"திருத்திப்போட்டியள்தானே," என்றார்.