ஒன்றுக்கு இரண்டு முறை அளப்பவர்

றஷீதாவின் தராசில் நிறுத்த அரைக்கிலோ போஞ்சிக்காயைத் தூக்கி, பக்கத்துக் கடைத் தராசில் வைத்து எட்டிப் பார்க்கிறார் ஜெயந்தினி. பதுளைச் சந்தையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கூத்து இது.

"என் தராசு மேல நம்பிக்க இல்லியா மிஸ்?" என்பார் றஷீதா.

"இருக்கு. ரெண்டும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாக்குறேன்."

எட்டுக் கிராம். திருப்தியோடு பையில் போட்டுக்கொள்வார்.

ஜெயந்தினிக்கு நாற்பத்திரண்டு வயது. நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் பரிசோதிக்கிறார். அங்கே சுவரில் இரண்டு கடிகாரங்கள், குளிர்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். எல்லாம் இவர் ஏற்பாடு. தேநீருக்குச் சீனி போடவும் மிஸ் இரண்டு கரண்டி வைத்திருக்கிறார் என்று உடன் வேலை செய்யும் பஸீல் சொல்லித் திரிகிறார். அது பொய்.

இந்த வருடம் ஒரு கையடக்கக் கருவி வந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு கொடுத்தால் ஹீமோகுளோபின் அளவை உடனே சொல்லும். பஸீல் நகரத்து ஆட்கள் நாற்பது பேரிடம் விரலிலும் கை நரம்பிலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பெரிய இயந்திரத்தில் கூடியவருக்கு இதிலும் கூடியது, குறைந்தவருக்குக் குறைந்தது.

"அச்சு அசல் ஒண்ணுதான் மிஸ். கையெழுத்தப் போடுங்க."

சேர்ந்து ஏறி இறங்குவது வேறு, ஒத்துப்போவது வேறு என்பது ஜெயந்தினியின் கட்சி. ஐந்து நிமிடம் பிந்திய கடிகாரமும் சரியான கடிகாரத்தோடு சேர்ந்துதான் ஓடும். ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளையும் கழித்து, வித்தியாசத்தைக் கட்டத்தாளில் புள்ளியாக வைத்தார். புள்ளிகள் பூச்சியக் கோட்டை ஒட்டி மேலும் கீழுமாக உட்கார்ந்தன. கருவி சரியென்று கையெழுத்துப் போட்டார்.

கருவி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மருத்துவ முகாமுக்குப் போனது. அங்கே கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டினால்தான் அறுவைச் சிகிச்சைக்குத் தோட்ட டிஸ்பென்சரி கடிதம் கொடுக்கும். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் கருவி ஒன்பதிலேயே நின்றது. மாத்திரையைக் கோழிக்குப் போடுகிறாயா என்று டிஸ்பென்சரியில் ஏச்சு வேறு.

மூன்றாம் முகாமுக்கு ஜெயந்தினியே போயிருந்தார்.

"கோழி என்னங்க பண்ணுச்சு? நான்தாங்க முழுங்குனேன்" என்று கருப்பம்மா கையை நீட்டினார்.

பிடித்த கையை ஜெயந்தினி விடவில்லை. காய்த்து, கறையேறி, வெடித்த விரல். ஊசி ஆழம் போகாது. பிதுக்கினால்தான் சொட்டு வரும். பிதுக்கினால் சதையிலுள்ள நீரும் கலந்து இரத்தம் நீர்த்துவிடும். ஜெயந்தினியின் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். இறந்து ஏழு மாதம். அந்த விரல்களைப் பிடித்து வளர்ந்தவர், நகரத்து விரல்களை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அன்று வந்த முப்பத்தாறு பெண்களிடமும் இரண்டு விதமாகவும் எடுத்தார். ஆய்வுகூடத்தில் கட்டத்தாளை விரித்தபோது, புள்ளிகள் அத்தனையும் கோட்டுக்குக் கீழே கிடந்தன. கருவி சராசரியாக ஒன்றேகால் குறைத்துச் சொல்லியிருந்தது. கருப்பம்மாவின் நரம்பு இரத்தம் சொன்னது பத்தரை. பஸீல் கருவியைப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாளே ஜெயந்தினி மடுல்சீமைக்கு பஸ் ஏறினார். டிஸ்பென்சரியில் தாளைக் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்தார். இவரைக் கண்டதும் கருப்பம்மா பழக்கத்தில் விரலை நீட்டினார். ஜெயந்தினி கடிதத்தை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.