வாடிப்பட்டிக்குப் பிரெஞ்சு பேசப் போனேன்

தை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு மதுரை ரயிலடி எதிரே திண்டுக்கல் மோட்டார் பஸ்ஸில் ஏறினேன். வாடிப்பட்டி வரை பதினாறு மைல், கட்டணம் ஆறணா. நாற்பத்திரண்டு வயதில், நிலக்கடலை மண்டியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவான நான், ஒரு வெள்ளைக்காரரிடம் பிரெஞ்சு பேசிக் காட்டப் போகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கே வந்தது.

விஷயம் இதுதான். புதுச்சேரியிலிருந்து கடலை ஏற்றுமதி செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், அறுவடைக் காலத்தில் வாடிப்பட்டியில் பங்களா எடுத்துத் தங்குவார். அவருடைய புதுச்சேரி ஆபீஸுக்குத் தமிழ்க் கடிதங்களைப் பார்க்க ஓர் ஆள் தேவை. கொஞ்சமாவது பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி திரேசம்மாள் புதுச்சேரியில்தான் பெண்கள் பள்ளி ஒன்றில் உபாத்தியாயினி. ஆறு வருஷமாக அவள் அங்கே, நான் இங்கே. கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும்தான் பார்த்துக்கொள்வோம். இந்த வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம்.

பிரெஞ்சும் அவள் கற்றுக்கொடுத்ததுதான், தபாலில். வாரம் ஒரு கார்டு, கார்டுக்குப் பத்து வார்த்தை, உச்சரிப்பு தமிழ் எழுத்தில். சில வார்த்தைகளுக்கு எதிரே ‘மூக்கால் சொல்லவும்’ என்று குறிப்பு இருக்கும். நான் என் அறையில் மூக்கால் சொல்லிப் பழகியதைக் கேட்ட பக்கத்து அறைக்காரர், சளிக்கு நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார்.

பஸ் வைகைப் பாலம் தாண்டி, ஆனையூர்ப் பக்கத்து வயல்களை விட்டு, பரவை வந்தபோது மணி ஏழே கால். நான் ‘போன்ழூர் முசியே’ என்று பிரெஞ்சு வணக்கத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் காலி வெற்றிலைக் கூடையை மடியில் வைத்திருந்த சோழவந்தான் வியாபாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, மந்திரமா?” என்றார்.

“பிரெஞ்சு பாஷை. வேலைக்குப் போறேன்.”

“இம்புட்டு வயசுக்கு மேலயா? நல்லா படிங்க. நான் மறிக்கல.”

சமயநல்லூரில் அவர் இறங்கும்போது இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வடக்கே சிறுமலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. சாலையின் இரு பக்கமும் கடலை பிடுங்கிய நிலம் சிவப்பாகக் கிடந்தது.

எட்டரை மணிக்குப் பங்களா வாசலில் நின்றேன். துரைக்கு ஐம்பது வயது இருக்கும். கை கொடுத்து உட்காரச் சொன்னார். சமையல்காரர் சூசை காப்பி கொண்டுவந்தார். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தும் “நோன், மெர்சி” என்றேன், வேண்டாம், நன்றி என்று. காப்பி அப்படியே உள்ளே போய்விட்டது. ஆம்லெட் வந்தது. அதற்கும் அதையே சொன்னேன், அதுவும் போய்விட்டது. இதென்ன உபசாரம் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

பேச்சு என்னவோ நன்றாகவே போயிற்று. கடலை ரகம், மூட்டை, ரயில் எல்லாம் எனக்கு வந்த பாடம். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். “மா ஃபாம்” என்றேன், என் மனைவி என்று. துரை வாய்விட்டுச் சிரித்தார். பத்து மணிக்கு எழுந்து நின்று, மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டார்: அடுத்த மாதம் முதல் தேதி புதுச்சேரி வர முடியுமா?

சரி என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நம் பக்கத்தில் கேட்ட உடனே கை நீட்டுகிறவனுக்குப் பறக்காவெட்டி என்று பேர். தலையைக் குனிந்து, என்னைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைப்பார் என்ற பாவனையில் “நோன், முசியே, மெர்சி” என்றேன். துரையின் முகம் வாடியது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

“என்னண்ணே, காப்பியும் வேண்டாம்னீக, ஆம்லெட்டும் வேண்டாம்னீக. வயித்துக்கு ஆகலையா?” என்றார் சூசை.

“பசிதான். இன்னொரு தடவை கேப்பாருன்னு இருந்தேன்.”

“நல்லாக் கேட்டாரு போங்க. நான் சேர்ந்த புதுசுல, சாப்டியான்னாரு. பரவால்ல தொரைன்னேன். அம்புட்டுத்தேன், ரெண்டு வேளை பட்டினி. அவுகளுக்கு வேண்டாம்னா வேண்டாந்தேன். திருப்பிக் கேட்டா நம்மள மதிக்கலைன்னு ஆயிருமாம்.”

“வேலைக்கும் நோன்னு சொல்லிட்டேனே.”

சூசை கரண்டியைக் கீழே வைத்தார். “ஓடுங்க. கூட்ஸ் ஷெட்டுல மூட்டை பாத்துக்கிட்டு இருப்பாரு. அறுவடை முடிஞ்சிருச்சு, அங்கருந்து திண்டுக்கல் வழியா புதுச்சேரி போயிட்டாருன்னா அடுத்த வருஷந்தேன்.”

ரயிலடி ஒரு மைல். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். துரை காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். படித்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “உய், முசியே. உய்” என்றேன். ஆமாம், ஆமாம் என்று.

அப்புறம் ஏன் முதலில் மறுத்தீர்கள் என்றார். அதை விளக்க என் பிரெஞ்சு போதவில்லை; தமிழிலும் முடிந்திருக்குமா என்பது சந்தேகம். மனைவி, புதுச்சேரி, ஆறு வருஷம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். துரை திறந்த கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு முதல் தேதி காலை எட்டு மணிக்கு என்றார்.

நாலரை மணிக்கு மதுரை வந்து சேர்ந்து, ரயிலடிப் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் புதுச்சேரி வேலைக்கு அவளை வழியனுப்பிய பிளாட்பாரமும் அதுதான். அன்று வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கையில், “நீங்களும் வந்துடுறீங்களா?” என்று கேட்டாள். எனக்குப் போக அவ்வளவு ஆசை. “நான் எதுக்கு அங்கே” என்றேன், இன்னொரு தடவை கேட்பாள் என்று நின்றேன். அவள் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்தவள்; அவளுக்கும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதானே கேட்டாள், ஆசையில்லை போலிருக்கிறது என்று ஆறு வருஷமாக நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அவளும் அங்கே என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பாள்.

தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கினேன். பிரெஞ்சு வேண்டாம் என்று தமிழிலேயே எழுதினேன். ‘ஆறு வருஷத்துக்கு முன் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வருகிறேன்.’