பிரேக் வேனுக்கு வைத்த கட்டை

அந்த மண்டோரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜொகூரில் ரயில் பாதை பழுதுபார்க்கும் எங்கள் குழுவை மேய்த்தவன் அவன்.

தண்டவாளத்தில் எங்களோடு ஒரு பழைய பிரேக் வேன் வரும். உள்ளே சாமான்கள், சாப்பாட்டுப் பைகள், மூலையில் கையால் சுற்றிப் பிரேக் போடும் இரும்புச் சக்கரம். அது என் பொறுப்பு. பிரேக் தேய்ந்துபோய்விட்டது, சரிவில் நிற்காது என்று மூன்று முறை சொன்னேன். "நிக்குது லா! வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றான். வண்டி நன்றாக இருப்பதாகக் கையெழுத்தும் போட்டான். நானே பழைய ஸ்லீப்பர் மரத்தில் ஒரு கட்டை வெட்டி, தினமும் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று குளாய் பக்கம் ஒரு சரிவில் வேலை. மண்டோர் அந்தக் கட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான்.

"இத அவரு பாத்தா என்னைய என்ன கேப்பாரு?"

"வண்டி உருண்டா என்ன கேப்பாரு?" என்றேன். முறைத்துவிட்டுப் போனான். நான் மூச்சுப் பிடித்து பிரேக்கை இறுக்கினேன். கூட வேலை செய்யும், மாசாய் என்ற ஊரிலிருந்து வரும் மாசாய்க்காரன் பக்கத்தில் நின்று பார்த்தான். மூன்று பிள்ளைக்காரன், ஒப்பந்த வேலை. அதைப் புதுப்பிப்பது மண்டோர் கையில்.

பிறகு மாசாய்க்காரன் சரிவில் வேனுக்குக் கீழ்ப்புறம் தண்டவாளத்தில் குந்தி போல்ட் முடுக்கப் போனான். ஜல்லி இறுக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு அடைத்திருந்தான். வேன் மெல்ல நகர்ந்தது. அலமாக்! கத்தினேன், கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஜல்லியில் விழுந்தோம். அவன் குந்தியிருந்த இடத்தைத் தாண்டி, வேன் பள்ளத்தில் போய் நின்றது.

தள்ளிவிட்டதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் குதிரை. நான் பிரேக்கே போடவில்லை என்று மண்டோர் அதிகாரியிடம் மலாயில் அளந்தான். அதிகாரி மாசாய்க்காரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் மண்டோரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"போடல துவான்" என்றான். பாவி! இழுத்தபோது பிய்ந்து வந்த அவன் சட்டைப் பொத்தான் இன்னும் என் கையில் இருந்தது.

என்னை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை என் பையை எடுக்கப் போனேன். மாசாய்க்காரன் வேன் ஓரமாக உட்கார்ந்து புதிதாக ஒரு கட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வேல போயிரும்ணே, புள்ளைங்க இருக்கு."

"நல்லா பெருசா வெட்டு" என்றேன். "அடுத்த தடவ இழுக்க நான் இருக்கமாட்டேன்."