வெயிலில் வெளுத்த க்ளெமாட்டிஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வெயில் காய ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். இங்கே ஆட்கள் காசு கொடுத்துக் கறுக்கப் போவார்கள். பிறக்கும்போதே கறுத்தவனுக்கு வீடு கொடுப்பதென்றால்தான் பலமான யோசனை. எங்களுக்கும் கீழ்வீட்டை ஒரு வருடத்துக்கென்றுதான் தந்திருந்தார். அந்த வருடம் முடிகிற நேரம், மனைவியின் வயிற்றில் பிள்ளை. தொடர்ந்து இருக்கலாமா என்று கேட்டதற்கு, "திரும்பி வந்து சொல்கிறேன்" என்றார்.

போகும்போது நிழல் விழுந்த வடக்குச் சுவரோரம் நின்ற பெரிய சட்டியைக் காட்டினார். அதில் க்ளெமாட்டிஸ் கொடி. உள்ளங்கை அகலத்தில் வெளிர் ரோஸ் பூக்கள், ஒவ்வோர் இதழின் நடுவிலும் கடும் சிவப்பாய் ஒரு கோடு. காலமான கணவர் வைத்ததாம். "தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்."

நாங்கள் மட்டோடு நிற்கிற ஆட்களா? அயல்வீட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னால், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னித்தான் திருப்பி அனுப்புவோம்.

ஞாயிறு பூசை முடிந்து எங்களோடு சாப்பிட வருகிற மன்னார் அண்ணை ஒருவர் இருந்தார். சட்டியைக் கண்டதும் அவருக்கு மனம் உருகிவிட்டது.

"தான் வெயிலுக்கு ஸ்பெயின் போறா, பூவை இருட்டு மறியல்ல பூட்டிட்டுப் போறா. பிடியும் தம்பி மற்றப் பக்கத்தை!"

இருவருமாக இழுத்து, நாள் முழுக்க வெயில் விழுகிற தெற்குப் பக்கத்தில், சமையல் புகை போகிற எங்கள் குசினி யன்னலுக்குக் கீழே வைத்தோம். சில நாளில் பூவெல்லாம் சாயம் போன சட்டை போல வெளுத்துவிட்டது. கோடு இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"கண்ணூறு தம்பி," என்று அண்ணை ஊரிலிருந்து வந்த மடு மாதா கோயில் மண்ணில் ஒரு சிட்டிகை கொண்டுவந்து தூவினார். ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் வந்து, "சாயில் பிஎச் ப்ராப்ளம் சார், லைம் போட்டா கலர் வந்துடும்" என்றான். அவன் படித்தது இயந்திரப் பொறியியல்.

தண்ணீர் ஊற்றப்போன மனைவிதான் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ."

சுவர்ப்பக்கம், அடர்ந்த இலைகளுக்கு அடியில் ஒரு பூ. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"வெயில் படாதது நிறமா நிக்குது, பட்டது வெளுத்துப்போச்சு. அந்த மண்ணைத் தன்ர தலையில போடச் சொல்லுங்கோ உங்கட அண்ணையை."

சட்டியைத் திருப்பி வைப்பதற்குள் டாக்ஸி வந்து நின்றது. வீட்டுக்காரி வறுத்த கச்சான் கடலை நிறத்தில் இறங்கினார். பூவைப் பார்த்தார், அதற்கு மேலே எங்கள் குசினி யன்னலைப் பார்த்தார்.

"வெயிலில் வைத்தது நல்லதுதான். உங்கள் கறிப் புகைதான் இதைக் கெடுத்திருக்கிறது. வீட்டைப் பற்றி நான் யோசிக்க வேண்டும்."

மனைவி குனிந்து இலைகளை விலக்கினாள். "புகை எல்லாப் பூவுக்கும். வெயில் இதுக்கு இல்லை," என்றாள் தன் அரைகுறை ஜெர்மனில். பிறகு அவர் கையைப் பிடித்து மணிக்கூட்டுப் பட்டியைச் சற்று நகர்த்தினாள். கீழே வெள்ளையாய் ஒரு வளையம்.

"வெயில். நீங்கள் கறுப்பு, பூ வெள்ளை."

வீடு போச்சு என்று நினைத்தேன்.

அவர் தன் மணிக்கட்டையும் அந்தப் பூவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏன் வடக்குப் பக்கம் வைத்தாய் என்று என் கணவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை," என்றார், குரல் இறங்கி. பிறகு என்னைப் பார்த்து, "இழுங்கள்" என்றார்.

மனைவி சமையலைப் பார்க்க உள்ளே போனாள். நானும் வீட்டுக்காரியும் இழுத்தோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றார்.

"குழந்தை எப்போது?"

"செப்டம்பர்."

"அப்படியென்றால் குளிருக்கு முன்னம் உங்கள் படுக்கையறை ஹீட்டரைத் திருத்த வேண்டும்."

உள்ளே ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "இருக்கச் சொல்லிட்டா! ஹீட்டரும் திருத்தித் தாறாவாம்!"

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது சரி. கறிப் புகைதான் கெடுத்தது எண்டு சொன்னாவே, அதுக்கு என்ன சொன்னவா?"