முன் சீட்டுக்கு ஒரு அப்பா

சாலமோனின் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடம் யாருக்கும் சும்மா கிடைக்காது. வள்ளூரிலிருந்து மீஞ்சூர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வாண்டுகள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டிருந்தன. தன் அப்பாதான் பெரிய ஆள் என்று கதை சொல்லி ஜெயிக்கிறவருக்கே அந்த இடம்.

"எங்க நைனா காட்டுப்பள்ளில கப்பலையே தூக்கி அந்தாண்ட வெப்பாரு" என்பான் விமல். அவன் அப்பா காட்டுப்பள்ளித் துறைமுக வாசலில் விசில் ஊதி லாரிகளை உள்ளே விடுகிறவர் என்பது சாலமோனுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கமாட்டான். "எங்கப்பா லீவு போட்டா வானத்துல மேகமே இருக்காது" என்பாள் ரோஜா. அனல் மின்நிலையப் புகையெல்லாம் அவள் அப்பாவின் கைவரிசையாம்.

பாவம், சாலமோனின் மகள் ஷைனிதான் மாட்டிக்கொண்டாள். மற்ற அப்பாக்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தார்கள். என்ன அளந்து விட்டாலும் செல்லும். இவள் அப்பாவோ எல்லார் கண்ணெதிரிலும் காக்கிச் சட்டையோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, தினமும் பின்பலகையில் பேசாமல் வந்தாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனசைப் பிசையும்.

ஒருநாள் மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா ஹாரன் அட்ச்சாதான் இந்த கேட்டே தொறக்கும்" என்றாள் ஷைனி, திடீரென்று.

விமல் விடுவானா? "எங்க, அடிக்கச் சொல்லு பாக்கலாம்!"

சாலமோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லாதே என்று அதட்ட வேண்டியவன்தான். கண்ணாடியில் மகளின் கண்கள் கெஞ்சின. கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டும்வரை காத்திருந்து ஹாரனை அமுக்கினான்.

கேட் அசையவில்லை. விமல் சிரிக்க ஆரம்பித்தான். சாலமோனுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னொரு தபா அடிப்பா" என்றாள் ஷைனி, அலட்டிக்கொள்ளாமல். "கேட்டுக்காரரு நாஷ்டா துன்னுகினு இருப்பாரு."

மறுபடி அடித்தான். கேட் மெல்ல எழுந்தது.

தண்டவாளம் தாண்டியதும் விமல் சொன்னான்: "அந்த ஹாரன எங்க நைனாதான் வாங்கிக் குட்த்தாரு."

ஷைனி கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, குட்த்தாரு" என்று ஒத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து முன் சீட்டில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்காருவது என்று முடிவானது.

பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் இறங்கி ஓடினார்கள். ஷைனி மட்டும் திரும்பி வந்து அப்பாவின் காதில் கேட்டாள்: "மெய்யாலுமே நீதான் தொறந்தியா?"

சாலமோன் அவள் காதருகே குனிந்தான்.

"இல்ல கண்ணு, நீதான் தொறந்த" என்றான்.