தகட்டின் மேல் பெயின்ட்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் பதினாறு விதமாகத் துணி துவைக்கலாம். என் மனைவி வாங்கின நாளிலிருந்து ஒரே விதத்தில்தான் துவைக்கிறாள். துணியை வெளியே எடுக்கும்போது அவள் முழங்கை பட்டு, விதத்தை மாற்றும் திருகு வேறு எங்காவது போய் நின்றுவிடும். மறுநாள் கம்பளிக்கென்று எழுதியிருக்கும் இடத்தில் வேட்டி துவைபட்டுக்கொண்டிருக்கும். திருத்தங்கல் வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை? சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி திருகுக்கு அடியில் செருகினேன். இப்போது வேண்டுமென்று திருகினால்தான் அது திரும்பும். மூன்று வருடமாக அப்படியே ஓடுகிறது.

பழைய சைக்கிள் டியூபை நான் குப்பையில் போடுவதில்லை. குழாய் கசிந்தால் சுற்றலாம், மிக்ஸி ஆடினால் காலுக்கு அடியில் வைக்கலாம், கேட் அடித்துக்கொண்டால் தாழ்ப்பாளில் மாட்டலாம். அதற்காகப் புதுச் சாமான் எல்லாம் மோசம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். போர் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போடுகிற ஸ்டார்ட்டர் வந்திருக்கிறது. அது நல்ல சாமான். அதைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக இருட்டில் வரப்பில் நடந்தவனாக இருப்பான். எல்.இ.டி. பல்பும் நல்லதுதான். ஆனால் அதில் போகிறது விளக்கு இல்லை, பின்னால் இருக்கும் சின்னப் பலகை. சூடு வெளியேற வழியில்லாமல் அது வெந்து போகிறது. மூடின கண்ணாடிக் கூண்டுக்குள் அதை மாட்டிவிட்டு, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக் கூடாது.

இதையெல்லாம் எழுதுவதற்கு எனக்குத் தயக்கமே இல்லை. நேரில் நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட யோசிப்பேன். ஆனால் ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுப் பேரிங்கா, காயிலா என்று சொன்னால் அது தப்பினதில்லை.

வீட்டு மின்சாரத்தில் ஜனங்கள் மதிக்காத ஒன்று உண்டென்றால் அது எர்த். மற்ற இரண்டு வயரும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும், பல்பு எரியும், காற்றாடி சுற்றும். எர்த் சும்மா இருப்பதுபோலவே இருக்கும். அதனால் மூன்று கால் பிளக்கில் பெரிய காலை உடைத்துவிட்டு இரண்டு கால் துளையில் சொருகுவார்கள். பிளக்கே இல்லையென்றால் வயரை உரித்துத் துளையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குவார்கள். எங்கள் பக்கத்தில் தீக்குச்சிக்கா பஞ்சம்? நான் வேலைக்குப் போகிற வீடுகளில் முதலில் அந்தத் தீக்குச்சிகளைத்தான் பிடுங்குவேன். ஒருவரும் நன்றி சொன்னதில்லை. ஒரு சுவிட்ச் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தால் காப்பி தருவார்கள்.

வெளி வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான். மற்ற நாளில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பராமரிப்பு வேலை. மோட்டார், குழாய், வேலி, ஆபீஸ் மின்விசிறி எல்லாம் என் பொறுப்பு. வெடிமருந்து வேலை நடக்கிற அறைகளுக்குள் கரண்டே கிடையாது. அங்கே என் வேலை எர்த் மட்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் கை உயரத்தில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதிலிருந்து செம்புப் பட்டை ஒன்று சுவரோடு இறங்கி, வெளியே உப்பும் கரியும் போட்ட குழிக்குள் போகும். நடந்து வருகிற ஆளின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்திருக்கும். நைலான் துணியைக் கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதே, அதுதான். வீட்டில் அதனால் ஒன்றும் இல்லை. மருந்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பொறி போதும். அதனால் உள்ளே போகிறவர்கள் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருப்பது மண்ணுக்குள் இறங்கிவிடும். எங்கள் மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் தினமும் காலையில் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

என் மனைவியும் அதே கம்பெனியில்தான். ஏழாம் நம்பர் அறையில் வெடிக் குழலுக்குள் மருந்து செலுத்துகிற நான்கு பெண்களில் ஒருத்தி.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனி முழுக்க வெள்ளையடித்தார்கள். கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்க வெளியிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். நான் அந்த இரண்டு நாளும் போர் மோட்டாரை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பூஜை அன்று தராசு, சல்லடை, தள்ளுவண்டி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வாசல் தகடுகளுக்கும் வைத்தார்கள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், நானும்தான். தகடு பளபளவென்று இருந்தது. நன்றாகத் துலக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் தப்பு அது.

லீவு முடிந்து வேலை தொடங்கின காலையில் ஏழாம் அறைக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான்கு பேரும் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பட்டையை மேல்நோக்கிப் பார்த்தேன். பட்டையும் வெள்ளியாக இருந்தது. செம்பைத் துலக்கினால் சிவக்கும், வெளுக்காது. அப்போதுதான் புரிந்தது. கறுத்துக் கிடந்த தகடு அழகாக இருக்கட்டும் என்று பெயின்டர் கதவோடு சேர்த்து அதற்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார். அதன் மேல் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. தொட்டவர்கள் பெயின்டைத்தான் தொட்டிருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் இருந்தது உடம்பிலேயே இருக்கிறது.

போர்மேனிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரம். இரண்டு லோடு நிற்கிறது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே கையில் இருந்த தாளைப் புரட்டினார்.

"வெள்ளியடிச்சா இன்னும் நல்லாத்தானய்யா போகும்? அதுவும் உலோகந்தான?"

"பேருதான் வெள்ளி, அண்ணாச்சி. காஞ்சிட்டா அது வார்னிஷு, கரண்டு போகாது."

"மீட்டர் வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மீட்டருக்குள் பேட்டரி இருக்கிறது. வேலை நடக்கிற அறைப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. அறையைக் காலி செய்தால் மீட்டர் வைத்துக் காட்டுகிறேன் என்றேன். மீட்டர் வைத்துக் காட்டினால் காலி செய்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, "பூச போட்ட தகடுய்யா அது. முந்தாநேத்துத்தான கும்பிட்ட? இன்னைக்கு செத்துப்போச்சுங்கிற. சாயந்தரம் பாப்பம், போ" என்றார்.

எனக்கு அதற்கு மேல் பேச வராது. ஆனால் நான் சொன்னது சரி என்பதில் சந்தேகமே இல்லை. மீட்டர் என்பது தெரியாதவனுக்குக் காட்டத்தான். சாயந்தரம் வரைக்கும் என் மனைவி அந்த அறையில் உட்கார்ந்திருப்பாள்.

திரும்பி வந்தேன். ஏழாம் அறைச் சுவரில் 'ஆட்கள் 4' என்று கறுப்பில் எழுதியிருக்கிறது. எல்லா அறையிலும் இருக்கும். ஐந்தாவதாக ஒரு ஆள் உள்ளே கால் வைத்தாலும் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் எழுந்து வெளியே வர வேண்டும். எங்கள் கம்பெனியில் எதை மீறினாலும் இதை மீற மாட்டார்கள். முதலாளியே வந்தாலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்.

என் உடம்பில் இருப்பது இறங்கட்டும் என்று குழிக்குள் குனிந்து, பட்டை போய்ச் சேருகிற ஈரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். செருப்பில்லாத காலை ஈர மண்ணில் நன்றாக ஊன்றிக்கொண்டேன். பிறகு வாசல்படி தாண்டி ஓரடி உள்ளே வைத்து நின்றேன்.

நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தமாகச் சொன்னால் பதறி எழுந்திருப்பார்கள். என் குரல் இயல்பிலேயே தாழ்ந்த குரல். அன்றைக்கு அது சரியாக இருந்தது.

"கையில இருக்கதை மெதுவா வச்சிட்டு வெளிய வாங்க. நான் அஞ்சாவது ஆளு."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன செய்றீக நீங்க? போர்மேன் அண்ணாச்சி சொல்லாம நாங்க எப்பிடி எந்திரிக்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் மெதுவாகச் சிரித்தாள். "மதினி, அண்ணன் ஒங்களப் பாக்காம இருக்க முடியாமத்தான் வந்திருக்காக போல. எந்திரிங்க. ஆளு அஞ்சாகிப் போச்சு."

ஆபத்துக்கென்று அறைக்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கடைசியாக என் மனைவி வந்தாள். என்னைப் பார்க்காமல் போய் வேப்பமரத்தடியில் நின்றாள்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, போர்மேன் வேகமாக வந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். என்னை வேலையை விட்டு அனுப்புவதாகவும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அறை நின்றுவிட்டது, விதிப்படி இனி மருந்தை வெளியே எடுத்துத் தரையைக் கழுவாமல் திரும்பத் தொடங்க முடியாது. நின்றதுதான் நின்றது, மீட்டரைக் கொண்டு வந்து தொலை என்றார்.

மருந்தை எடுத்து, தரையைக் கழுவி, அறை வெறும் அறையான பிறகு மீட்டரைக் கொண்டு வந்தேன். ஒரு முனையைக் குழிக் கம்பியிலும் மறு முனையைத் தகட்டிலும் வைத்தேன். இணைப்பு இருந்தால் கீ என்று கத்த வேண்டும். கத்தவில்லை. தகட்டில் நாலு இடம் மாற்றி வைத்தேன், ஊமையாகவே இருந்தது. இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, தகட்டின் ஒரு மூலையில் நகம் அளவுக்குச் சுரண்டினேன். உள்ளே செம்பு சிவப்பாகத் தெரிந்தது. அங்கே வைத்தேன். கத்தியது.

போர்மேன் மீட்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். சுரண்டின இடத்தில் சத்தம், பெயின்டில் சத்தம் இல்லை. மறுபடி வைத்தார். பிறகு மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதே மாதிரி எத்தன ரூமு?"

"பெயின்டர் எத்தன ரூமுக்கு அடிச்சாரோ அத்தன, அண்ணாச்சி."

அவர் நேராக ஆபீசுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். சீசன் நடுவில் பகல் வேளையில் மொத்தக் கம்பெனியும் அமைதியாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெண்கள் சோற்றுச் சட்டியைத் திறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு அறையாகக் காலி செய்ய, காலி செய்ய, நான் சுரண்டிக்கொண்டே போனேன். மூன்றாவது அறையில் இருந்தபோது என் மனைவி வந்தாள். அட்டை வெட்டுகிற அறையிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு கொண்டு வந்திருந்தாள். பட்டையின் கீழ்ப்பகுதியை அவள் சுரண்டத் தொடங்கினாள்.

"போர்மேன்ட்ட போயிச் சொல்லிருக்கீக. எங்கிட்ட மொதல்ல சொன்னா நான் எந்திரிச்சு வந்திருக்க மாட்டனா?"

"எந்திரிச்சிருப்ப. மத்த மூணு பேரு?"

"அவளுகளையும் நான் கூட்டிட்டு வந்திருப்பேன். ஒங்களுக்குத்தான் பேச வராது. எனக்கென்ன?"

யந்திரத்தைப் பற்றி என்றால் எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி. நேராக அவளிடம் போயிருந்தால் காலையில் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரமும் அவள் உள்ளே இருந்தாள்.

சாயந்தரத்துக்குள் எல்லாத் தகடும் சிவந்துவிட்டன. மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. ஏழாம் அறை வாசலில் என் மனைவி நின்றாள். இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. முழு உள்ளங்கையையும் தகட்டில் அழுத்தி வைத்து, பின்னால் நின்ற மூன்று பேரிடமும், "இப்பிடி வைங்கடி. சாமி கும்பிட இல்ல இது" என்றாள். அவர்களும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.